ரிவர்ஸ் லைட் எரியாததற்குப் பல்பு காரணம் இல்லை

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் ஏற்றும் பழைய பிக்கப் என்னுடையது. இங்கே வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைவாசல் என்று நீளும், கல்லைப் பின்வாசலில்தான் இறக்கச் சொல்வார்கள், அந்தச் சந்தில் இருட்டில் பின்னால் எடுக்கும்போதுதான் ரிவர்ஸ் லைட் இரண்டுமே எரியவில்லை என்று தெரிந்தது.

ஒரு பக்கம் மட்டும் போனால் பல்பு. இரண்டும் ஒன்றாகப் போனால் அனேகமாக அது இல்லை. ஆனாலும் எலக்ட்ரீசியன் ஒருவர் 21 வாட் பல்பு இரண்டையும் மாற்றிக் காசு வாங்கிவிட்டார், அது தனிக் கதை. பியூஸ் நன்றாகவே இருந்தது. அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து வண்டிக்கடியில் படுத்தேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் இந்த லைட்டை எரியவைப்பது கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் ஸ்விட்ச். அதில் ஒயரைச் சொருகியிருக்கும் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்ததும் பின்னால் பளிச்சென்று வெளிச்சம். சரி, ஒயரிங் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் போச்சு. எரியாமல் இருந்திருந்தால் டெஸ்ட் லேம்போடு ஒயரிலும் எர்த்திலும் தேடியிருக்க வேண்டும்.

புது ஸ்விட்சை வாஷரோடு போட்டேன். பழையதைக் கழற்றும்போது கியர் ஆயில் முழங்கை வரை வடிந்தது, குறைந்ததை ஊற்றிவிட்டேன்.