ஓசை ஒத்தால் உறவாகிவிடாது: சொல் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னைப் பேச்சைச் சேகரிக்கிறோம் என்று நோட்டும் போனுமாக வரும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். நல்ல விஷயம். ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை வரை நடந்தாலே தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். சவுகார்பேட்டைப் பக்கம் திரும்பினால் மார்வாடியும் குஜராத்தியும். எழுத்துப்பிழை, பேசியவரின் வயதைக் குறிக்காமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். நான் ஆரம்பத்தில் செய்ததையே இவர்களும் செய்கிறார்களே என்று தோன்றுபவை மட்டும் இங்கே.

எழுத்தை நம்புவது

மண்ணடியில் பிரியாணிக் கடை பாய், காசிமேட்டில் படகின் பாய். படகுப்பாயும் வீட்டுக் கோரைப்பாயும் ஒரே தமிழ்ச் சொல். கடைக்கார பாய் வேறு: சமஸ்கிருத 'ப்ராத்ரு' தேய்ந்து இந்தியிலும் உருதுவிலும் நின்ற சொல், ஆங்கில 'பிரதரு'க்குத் தூரத்துச் சொந்தம். இந்தியின் நான்கு எழுத்துகளுக்கு நம் 'ப' ஒன்றே வேலை செய்வதால் எழுதும்போது வித்தியாசம் காணாமல் போகிறது. 'காலி'யும் அப்படித்தான். காலிப் பானை அரபியிலிருந்து வந்தது. நாற்காலியில் இருப்பது நம் கால்.

ஓசை ஒத்தால் சொந்தம் என்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள். வலை வகைகள், காற்றின் பெயர்கள், மீன் பெயர்கள் என்று காசிமேட்டு வெயிலில் அலைந்து சேர்த்தவை. அத்தனையும் அருமை. நடுவில் ஒரு பக்கம்: நம் 'எட்டு' கடல் தாண்டிப் போய் ஆங்கிலத்தில் 'எய்ட்' ஆனதாம். அச்சுக்குப் போகும் முன்பே வேண்டாம் என்றேன். "கேட்டாலே தெரியுதே சார்" என்றான் பொறுப்பாசிரியர் தம்பி. மலரைக் கையில் வாங்கிய மொழியியல் பேராசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார். மீன் பெயர்களை அவர் படிக்கவே இல்லை.

கேட்டால் தெரியாது தம்பி. பழைய வடிவத்துக்குப் போக வேண்டும், கூடப் பிறந்த மொழிகளைப் பார்க்க வேண்டும். எண்பது, எண்திசை என்கிறோம். கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. ஆக, எட்டுக்குள் இருப்பது 'எண்'. ஆங்கிலத்தின் சொந்தங்களோ லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. சவுகார்பேட்டை சேட்டு எண்ணும்போது சொல்லும் 'ஆட்'தான் எய்ட்டுக்கு நிஜமான உறவு!

அப்புறம், கடன் வாங்கிய சொல் என்றால் வந்த வழியைக் காட்டத் தெரிய வேண்டும். 'துட்டு' என்பது டச்சுக்காரர்களின் 'டாய்ட்' என்னும் செப்புக்காசு. நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி அவர்கள் வியாபாரம் செய்தார்கள், காசும் அடித்தார்கள். சொல் எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தது என்பது இங்கே தெரிகிறது. எட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

வேர் ஒன்றானால் பொருளும் ஒன்று என்பது

வண்ணாரப்பேட்டையில் தெலுங்கு பேசும் பாட்டி ஒருவரிடம் ரேஷன் பையைத் தூக்கித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறான் ஒரு பையன். "அவசரம் லேது" என்றிருக்கிறார். நிதானமாகத் தூக்கலாம் போல என்று பக்கத்திலேயே நின்றிருக்கிறான். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு, இந்தி 'அவசர்' என்பதும் அதுவே. எல்லாம் ஒரே சமஸ்கிருதச் சொல். 'சிட்சை' நமக்குத் தண்டனை, இந்திக்காரர்களுக்குக் கல்வி. (என் பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்றுதான்.)

வாட்ஸ்அப் ஆதாரம்

வேண்டாம்.

அகராதியில் முதல் பதிவோடு நிறுத்துவது

பூட்டுச் சாவி போர்த்துக்கீசிய 'ஷாவெ'. சரி, அடுத்த பதிவையும் படியுங்கள். மணி பிடிக்காமல் காய்ந்த பயிரும் சாவிதான். அது 'சா' என்ற தமிழ் வேரில் பிறந்தது. இரண்டுக்கும் தனித்தனி அட்டை போடுங்கள்.