யாழ்ப்பாணம், வன்னி போவோருக்கு: நெல், கடன், கிணறு, காணி

வெளிநாட்டில் வாழும் நம்மில் பெரும்பாலானோர் ஊருக்குப் போவது ஆடி, ஆவணியில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழாவும் அந்த நேரம். ஆனால் அப்போது வன்னி வயல்களில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். காலபோகம் என்னும் மாரிகால நெல் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது. சிறுபோகம் என்னும் கோடைகால நெற்செய்கை இரணைமடு போன்ற குளங்களில் நீர் இருக்கும் அளவுக்கு மட்டும் நடப்பது. இதை அறியாமல் "ஊரில் ஒருத்தரும் கமம் செய்வதில்லை, வெளிநாட்டுக் காசைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்" என்று திரும்பிவந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உழைக்கிற சனத்துக்கு அது பெரிய அநியாயம். முடிந்தால் ஒருமுறையாவது தையில் போங்கள்.

தையில் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் போனால் தார் வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள். வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். நெல் ஏன் வீதியில் காய்கிறது? உலரவிடத் தளம் இல்லை, சேர்த்துவைக்கக் களஞ்சியம் இல்லை. விதைநெல், உரம், மருந்து எல்லாம் கடனுக்கு வாங்கியவை. உழவுக்கூலியும் அறுவடை இயந்திரக் கூலியும் கொடுக்கக் கிடக்கும். ஆகவே பலர் ஈர நெல்லையே வயலடிக்கு வந்து நிற்கும் வியாபாரிக்கு அவர் சொன்ன விலையில் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாரும் ஒன்றாக அறுக்கும்போது விலையும் விழுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை அரசின் உத்தரவாத விலைக்கு வாங்கும், ஆனால் நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. வீதியோரத்தில் காய்வதுதான் ஓரளவு பொறுத்து விற்க முயல்கிறவரின் நெல். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசிக்கிற சங்கங்கள், வரவேற்பு வளைவு கட்டும் முன் ஒரு நெல் உலர்த்தும் தளத்தின் செலவைக் கேட்டுப் பார்க்கலாம்.

கமக்காரரிடம் "எப்படி இருக்கிறியள்?" என்றால் "ஏதோ இருக்கிறம்" என்பதற்கு மேல் பதில் வராது. "இந்தமுறை உரம் எங்க எடுத்தனீங்கள், அண்ணை?" என்று கேளுங்கள். கதை முழுக்க வெளியே வரும். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் தடையை எடுத்தபோது காலபோகப் பயிர் ஏற்கெனவே மண்ணில் நின்றது. அடுத்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதமளவில் நின்றது. நமக்கு அது மாற்று விகிதம் நல்லாயிருந்த காலம். அவர்களுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைக்கும் இயந்திரம் நின்ற காலம். அப்போது வாங்கிய கடனை இன்றும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

யாழ் குடாநாட்டின் வலிகாமப் பக்கத்தில் ஒருநாள் விடிய எழும்பி மருதனார்மடம் அல்லது சுன்னாகம் சந்தைக்குப் போங்கள். வெங்காயம், பீற்றூட், கத்தரி, வாழைக்குலை என்று தோட்டக்காரர் கொண்டுவந்து இறக்கும் நேரம் அது. தராசடியில் நின்று கவனியுங்கள். 10 கிலோ கொண்டுவந்தவருக்கு 9 கிலோவுக்குத்தான் காசு கொடுப்பது நெடுநாள் வழக்கம், மற்ற 1 கிலோ "கழிவு". இந்த வழக்கத்துக்கு எதிராகத் தோட்டக்காரர்கள் எத்தனையோ தடவை குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கடகத்தோடு சந்தை வாசலில் இருந்து விற்கும் அம்மாவிடம் பேரம் பேசாதீர்கள். வெளிநாட்டுக்கு எடுத்துவரும் சாமான்களையும் ஊர் உற்பத்தியாகப் பார்த்து வாங்குங்கள். ஒடியல் மா, பனங்கட்டி, பனாட்டு ஆகிய பனைப் பொருட்கள் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களில் கிடைக்கும். மாம்பழமும் பலாப்பழமும் என்றால் கொடிகாமம் சந்தை.

அடுத்தது கடன். போருக்குப் பிறகு நிதி நிறுவனங்கள் வன்னிக் கிராமங்களுக்குள் வீடுவீடாக வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணை வைத்து, கிழமைக்குக் கிழமை காசு அறவிட்டார்கள். கணவனைப் போரில் இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது, வட்டிக்கும் 35 வீத உச்சவரம்பு வைத்தது. 35 வீதம் என்பதே உச்சவரம்பு என்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உறவினர் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் எந்தக் கடன், யாரிடம், வட்டி என்ன என்று கேளுங்கள். பெருநாளுக்குக் கொடுக்கிற காசைவிட வட்டிக்கடன் ஒன்றை முழுதாக மூடிவிடுவது பெரிய உதவி. ஊருக்கே செய்ய நினைத்தால் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ இயங்குகிறதா என்று கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஒழுங்கான சங்கம் சந்தோசமாகக் காட்டும். அங்கே சுழற்சி நிதியாகப் போடும் காசு திரும்பத் திரும்ப வேலை செய்யும். ஆடோ கோழியோ கொடுப்பதென்றால் தீனிக்கும் மிருக வைத்தியருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்குகிறவரை நிறுத்திவைத்துப் படம் எடுக்காதீர்கள், தயவுசெய்து.

வீடு திருத்தப் போகிறவர்களுக்கு ஒரு விசயம். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீர்தான் பெரும்பாலானோருக்குக் குடிநீர், தோட்டத்துக்கும் அதுவே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் ஏறும். வலிகாமத்தில் பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று என்ற இரசாயனம் கூடியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அது போகாது, கைக்குழந்தைக்கு ஆபத்து. குழந்தையோடு போகிறவர்கள் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீர் வாங்குவது நல்லது. முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மழை மண்ணுக்குள் இறங்க இடம் வேண்டும். மலக்குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள்.

சரி, காணிக்கு வருவோம். என் மனதை அதிகம் உறுத்துவது இதுதான். தோட்டக் காணி கிடைக்காமல் பக்கத்து வீட்டுப் பெடியன் கூலிக்குப் போகிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நமது 8 பரப்பு (அரை ஏக்கர்) செம்மண் பற்றைக்காடாகக் கிடக்கிறது. கொடுக்காததற்கு நாம் சொல்லும் காரணம் பயம்: 10 வருடம் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்டுவிடுவார்கள் என்பது. சட்டத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது உண்மை. ஆனால் எழுத்துமூலம் குத்தகைக்கு இருப்பவர், குத்தகைக்காரராக இருந்துகொண்டு அந்த உரிமையைக் கேட்க முடியாது. வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு வருவதுதான் ஆபத்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். வருடத்துக்கு ஒரு சிறு தொகை, எத்தனை வருடம், கிணறு யார் பொறுப்பு, நீண்டகாலப் பயிர் வைக்கலாமா என்று தெளிவாக எழுதுங்கள். காலத்தை ஒரு போகத்தோடு முடிக்காதீர்கள். மண்ணுக்கு எரு போட்டுப் பண்படுத்துகிறவருக்கு நாலைந்து வருடமாவது வேண்டும்.

அதற்கு முன் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். அப்பா பெயரிலேயே காணி உறுதி (பத்திரம்) இருக்கிறதா, சகோதரர்கள் பங்கு என்ன என்பது அங்கே தெரியும். உங்கள் சார்பில் காணி அலுவல் பார்க்க எப்போதோ யாருக்கோ எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் இன்னும் உயிரோடு இருந்தால் இரத்துச் செய்யுங்கள். பங்காளிகள் உள்ள காணியில் ஒருவர் தன் பங்கை விற்பதானால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகப் புதிதாகக் காணி வாங்க முடியாது. முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வருவதற்கும் இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் அந்தத் தடை இல்லை. வன்னியில் "பேமிற் காணி" மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் கையை நீட்டாதீர்கள். அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கமம் செய்ய அனுமதிப்பத்திரத்தில் அரசு கொடுத்த நிலம். நினைத்தபடி விற்க முடியாது, இன்னொருவர் பெயரில் வாங்கி வைத்தால் காசும் போகும், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் போகும்.

இந்த அலுவல்களைப் போன முதல் கிழமையிலேயே தொடங்குங்கள். தோம்புத் தேடலுக்கும் நிலஅளவையாளருக்கும் நாட்கள் எடுக்கும், போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அலுவலகங்கள் பூட்டியிருக்கும். கடைசிக் கிழமையில் ஓடினால் கையெழுத்து வைக்காமலே விமானம் ஏற வேண்டிவரும், காணி இன்னொரு மாரிக்கும் பற்றையாகக் கிடக்கும்.