வீட்டிலிருந்து வேலை: பச்சைப் புள்ளிக்குக் காவல் வேண்டாம்

எங்கள் அணிக்குப் புதிதாக வருபவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதும், நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். கட்டிலில் லேப்டாப்போடு சாய்வது போன்றவை ஊருக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பச்சைப் புள்ளிக்குக் காவல் இருப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். சாட்டில் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சைப் புள்ளி அணைந்தால் 'ஆளைக் காணோம்' என்று மேலாளர் நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

எங்களிடம் கெட்டிக்காரப் புரோகிராமர் ஒருவர் இருந்தார். சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்தில் போன். மெசேஜ் வந்த நொடியே இடது கையால் 'பார்க்கிறேன்' என்று தட்டிவிடுவார். காலையில் திறந்த கோட் மாலைவரை அதே வரியில் நிற்கும். பகல் முழுக்கப் பதில் போட்டே கழிவதால், உண்மையான வேலை ராத்திரிதான் தொடங்கும். சில மாதங்களில் தூக்கம் கெட்டது. சின்னக் கேள்விக்கும் சுள்ளென்று விழுந்தார். கடைசியில் நீண்ட விடுப்பு. அணிக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம்.

இப்போது புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: காலையில் இரண்டு மணி நேரம் சாட்டை மூடுங்கள். '12 மணிக்குப் பதில் தருகிறேன்' என்று ஸ்டேட்டஸில் போடுங்கள். அவசரமென்றால் போன் வரும், பெரும்பாலும் வராது. மாலையில் முடித்தது எது, சிக்கியது எது என்று மேலாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

புள்ளி அணையாமலிருக்க மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் கருவிகள் கடையிலேயே கிடைக்கின்றன. புள்ளியை வைத்து ஆளை எடைபோடும் மேலாளருக்கு அந்தக் கருவியும் நல்ல ஊழியர்தான்.

பயணம் மிச்சமான நேரத்தையும் ஆபீஸுக்கே கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

'எனக்கு ஆள் துணையே வேண்டாம்' என்பது

ஆரம்ப ஜோரில் எல்லோரும் சொல்வதுதான். சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் 2010–11இல் ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமின் குழு, கால்சென்டர் ஊழியர்களை வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கவைத்து 9 மாதம் கவனித்தது. முடித்த வேலையின் அளவு 13 சதவீதம் கூடியது. அதில் பெரும்பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நேரம் உட்கார்ந்ததால் வந்தது. ஆனால் பிறகு விருப்பம் கேட்டபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பினார்கள். முக்கியக் காரணம் தனிமை. பதவி உயர்விலும், அதே திறமைக்கு, வீட்டிலிருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

அதே நிறுவனத்தில் பின்னர் வாரத்துக்கு 2 நாள் மட்டும் வீடு என்று வைத்துப் பார்த்தார்கள். வேலைத்திறன் குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வாய்ப்பிருந்தால் இந்தக் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா மீட்டிங்கிலும் கேமரா

இரண்டு பேர் பேசப் போன் போதும்.