மெசேஜ் பஸ் இருந்தும் மெசேஜ் தொலைவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வீஸ்கள் ஒன்றையொன்று நேரடியாக அழைக்காமல் நடுவில் காஃப்கா, ராபிட்எம்க்யூ போன்ற மெசேஜ் பஸ்ஸை (மெசேஜ்களை வாங்கி வைத்து உரிய சர்வீஸிடம் சேர்க்கும் மென்பொருள்) வைத்தால், ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும். அதனால் மட்டும் சிஸ்டம் நம்பகமானதாகிவிடாது. மெசேஜ் தொலைவதும் இரட்டிப்பதும் பெரும்பாலும் பஸ்ஸுக்குள் நடப்பதில்லை. நம் டேட்டாபேஸும் பஸ்ஸும் சந்திக்கும் இரண்டு முனைகளில்தான் நடக்கின்றன.

அனுப்பும் முனையைப் பாருங்கள். ஆர்டர் சர்வீஸ் டேட்டாபேஸில் ஆர்டரைக் கமிட் செய்கிறது, அதாவது நிரந்தரமாகப் பதிகிறது. அடுத்த வரியில் மெசேஜை அனுப்புகிறது. இரண்டு வரிக்கும் நடுவில் ப்ராசஸ் செத்தால் ஆர்டர் இருக்கும், மெசேஜ் இருக்காது. கிடங்குக்குத் தகவல் போகாது, லாகிலும் எரர் இருக்காது. வரிசையை மாற்றி முதலில் மெசேஜை அனுப்பினால், கமிட் தோற்கும்போது இல்லாத ஆர்டருக்குப் பொருள் கிளம்பிவிடும். ட்ரை-கேட்ச் போட்டு இதைத் தீர்க்க முடியாது. செத்த ப்ராசஸில் கேட்ச் ஓடாது.

இதற்குத் தீர்வு அவுட்பாக்ஸ் டேபிள். ஆர்டரைப் பதியும் அதே டிரான்சாக்ஷனில் மெசேஜையும் இந்த டேபிளில் ஒரு ரோவாக எழுதிவிடுங்கள்: மெசேஜ் ஐடி, டாபிக், கீ, உள்ளடக்கம், அனுப்பிய நேரம். தனி ரிலே ப்ராசஸ் ஒன்று, அனுப்பிய நேரம் காலியாக உள்ளவற்றை நூறு நூறாக எடுத்து அனுப்பி, புரோக்கரின் (பஸ்ஸை நடத்தும் சர்வரின்) ஒப்புதல் வந்த பிறகே நேரத்தை நிரப்ப வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. "கடைசியாக அனுப்பிய எண்ணுக்கு மேலுள்ளவை" என்று தேடாதீர்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் வரிசை எண் இன்சர்ட்டின்போதே கிடைக்கிறது, கமிட்டின்போது அல்ல. 102 முதலில் கமிட் ஆகி, 101 பிறகு ஆனால், ரிலே 101ஐ என்றைக்கும் பார்க்காது. ரிலே எழுதாமல், டேட்டாபேஸ் மாற்றங்களைப் பஸ்ஸுக்கு அனுப்பும் டெபீசியம் என்ற கருவியை வைத்து டிரான்சாக்ஷன் லாகையே படிக்கலாம். ஆனால் அது நின்றுபோனால் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (லாகை எதுவரை படித்தாயிற்று என்று டேட்டாபேஸ் வைத்திருக்கும் குறிப்பு) பழைய லாகைப் பிடித்துக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸின் டிஸ்க் நிறைந்துவிடும். ஸ்லாட்டுக்கு அளவு வரம்பும் அலர்ட்டும் முதல் நாளே வையுங்கள்.

ரிலே அனுப்பிவிட்டு நேரத்தை நிரப்புமுன் செத்தால் அதே மெசேஜ் மறுபடி போகும். ஆகவே வாங்கும் முனை இரட்டிப்பைத் தாங்கியே ஆக வேண்டும். காஃப்கா 2017இல் 0.11 பதிப்பில் கொண்டுவந்த 'எக்ஸாக்ட்லி ஒன்ஸ்' (சரியாக ஒரே முறை) வசதி காஃப்காவிலிருந்து படித்துக் காஃப்காவிலேயே எழுதும் வேலைக்குத்தான். உங்கள் டேட்டாபேஸுக்கோ, மின்னஞ்சலுக்கோ, பேமென்ட் கேட்வேக்கோ அது பொறுப்பேற்காது. மெசேஜ் ஐடிக்கு யுனிக் கட்டுப்பாடு போட்ட டேபிளில் பதிவதும் உண்மையான வேலையும் ஒரே டிரான்சாக்ஷனில் இருக்கட்டும். ரெடிஸ் போன்ற வேறொரு ஸ்டோரில் "முடிந்தது" என முதலில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கினால், நடுவில் செத்தபோது அந்த மெசேஜ் போயே போய்விடும். பேமென்ட் கேட்வே ஐடம்பொடன்சி கீயை (ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் எண்) ஏற்குமென்றால் மெசேஜ் ஐடியையே கொடுங்கள். அந்த ஐடி அவுட்பாக்ஸில் எழுதும்போதே உருவானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புதிதாக உருவாக்கினால் பயனே இல்லை.

அடுத்தது கணக்குப் பிழை. காஃப்கா கன்சியூமர் (மெசேஜை வாங்கும் ப்ராசஸ்) இயல்பாக ஒரு தடவைக்கு 500 மெசேஜ் வரை எடுக்கும். அடுத்த போல் (poll, மெசேஜ் கேட்கும் அழைப்பு) 5 நிமிடத்துக்குள், அதாவது 300 விநாடிக்குள் வர வேண்டும். மெசேஜுக்கு ஒரு விநாடி என்றாலே 500 விநாடி. கன்சியூமர் குழு அந்தக் கன்சியூமரை வெளியேற்றி, அதே மெசேஜ்களை அடுத்ததிடம் கொடுக்கும். அதுவும் அப்படியே வெளியேறும். லாக் முழுக்க வேலை நடப்பது போலிருக்கும், ஆஃப்செட் (எதுவரை படித்தாயிற்று என்ற எண்) நகராது. எடுக்கும் எண்ணிக்கையை 50 ஆக்கினால் போதும். வேலையைத் த்ரெட் பூலுக்குத் தள்ளுபவர்கள் ஆஃப்செட்டைத் தானாகப் பதியும் ஆட்டோ கமிட்டையும் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் முடியாத வேலைக்கும் ஆஃப்செட் பதிவாகும்.

புரோக்கர் அமைப்பில் இரண்டைச் சரிபாருங்கள். காஃப்காவில் மூன்று பிரதி வைத்து 'ஆக்ஸ் ஆல்' (பின்தங்காத எல்லாப் பிரதியும் எழுதினால்தான் ஒப்புதல்) போட்டாலும், குறைந்தபட்ச இன்-சிங்க் பிரதி, அதாவது பின்தங்காமல் இருக்க வேண்டிய பிரதிகளின் எண்ணிக்கை, இயல்பாக 1தான். மற்ற இரண்டும் பின்தங்கினால் லீடர் மட்டும் எழுதியதே போதுமென்று ஒப்புதல் வந்துவிடும். அதை 2 ஆக்குங்கள். ராபிட்எம்க்யூவில் எக்ஸ்சேஞ்சுக்கு (மெசேஜைக் கியூக்களுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) வந்த மெசேஜுக்குப் பொருந்தும் கியூ இல்லையென்றால், மெசேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு கன்ஃபர்மும் அனுப்பிவிடும். 'மேண்டேட்டரி' கொடி இருந்தால்தான் மெசேஜ் உங்களிடம் திரும்பி வரும்.

ஒரே ஆர்டரின் மெசேஜ்கள் வரிசையாக வர ஆர்டர் ஐடியைக் கீயாக வைப்பது தெரிந்ததே. காஃப்கா ஒரு டாபிக்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, கீயை வைத்தே பார்ட்டிஷனைத் தேர்கிறது. பின்னால் பார்ட்டிஷன்களைக் கூட்டினால் அதே கீ வேறு பார்ட்டிஷனுக்குப் போகலாம் என்பதுதான் மறந்துபோகிறது.

தோற்ற மெசேஜை முடிவில்லாமல் ரீட்ரை செய்யாதீர்கள். நெட்வொர்க் பிழையென்றால் 1, 5, 25 விநாடி என்று இடைவெளியைக் கூட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் முயலாதபடி அதைக் கொஞ்சம் முன்பின் மாற்றி முயலலாம். உள்ளடக்கமே பிழையென்றால் நேராக டெட் லெட்டருக்கு (தோற்ற மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் இடம்) அனுப்புங்கள். அங்கே ஒரு மெசேஜ் விழுந்தாலே அலர்ட் அடிக்க வேண்டும். காஃப்காவில் டெட் லெட்டர் டாபிக்குக்கும் இயல்பான ஆயுள் 7 நாள்தான். அதைக் கூட்டாவிட்டால், ஆள் விடுப்பிலிருந்து திரும்புமுன் பார்க்க வேண்டிய மெசேஜ் அழிந்திருக்கும்.