உங்கள் விசுவாசப் பிரமாணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஐயராக, அதாவது கிறிஸ்தவச் சபைப் போதகராக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். தங்கள் விசுவாசத்தைச் சபை முன் தாங்களே உறுதிசெய்ய ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசி வாரம் ஒரு வேலை கொடுப்பேன். ஆராதனையில் நாம் எல்லாரும் சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறீர்கள், சரி. உங்கள் விசுவாசத்தை உங்கள் வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுங்கள். முக்கால்வாசிப் பேர் அதே பிரமாணத்தைத்தான் திருப்பி எழுதித் தருவார்கள். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, நானே முதலில் எழுதியது நாற்பத்தைந்து வயதில்தான். எழுத நினைக்கும் பெரியவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பேனாவை எடுக்காதீர்கள். யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிரமாணம் பிறந்ததே அப்படித்தான். ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்கு வந்தவரைத் தண்ணீரில் நிறுத்தி, பிதாவை விசுவாசிக்கிறாயா, குமாரனை விசுவாசிக்கிறாயா, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்லி மூழ்கி எழ வேண்டும். கி.பி. 325-இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் சங்கமாகக் கூடி எழுதிய வேறொரு பிரமாணம் ‘விசுவாசிக்கிறோம்’ என்று தொடங்கியது. அது சங்கத்தின் குரல். உங்களுக்கு வேண்டியது தண்ணீரில் நிற்கிறவரின் குரல்.

என்னைக் கேட்டது என் மனைவி. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “தெனம் ஜெபம் பண்ணுதியளே, அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு நெசமாவே நெனைக்கியளா?” என்றாள். கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. அப்புறம், “பாதி நாள் இருக்காருன்னு தெரியுது. மீதி நாள் இருக்காருன்னு நம்பிப் பேசுதேன்” என்றேன். அதுதான் என் தாளில் முதல் வரி. பிரசங்க மேடையில் அந்த வரி எனக்கு வந்திருக்காது.

அடுத்து, ஊரும் தேதியும். பிரமாணத்தில் பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? அவன் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். இயேசு பாடுபட்டது இன்னான் காலத்தில், இந்த மண்ணில் என்று சொல்லத்தான் அந்தப் பெயர். ‘தேவன் அன்புள்ளவர்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எப்போது, எங்கே கண்டீர்கள்? 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்தபோது எங்கள் சபைக் கோயிலைத் திறந்துவிட்டோம். அன்று ராத்திரி பீடத்துக்கு முன்னால் சுருண்டு தூங்கிய பிள்ளைகளில் எது எந்தத் தெருப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘பரிசுத்த சபை’ என்று சொல்லும்போது நான் விசுவாசிப்பது அந்த ராத்திரியை. மறுவாரம் பழையபடி தனித்தனி வரிசையில் உட்கார்ந்தோம் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

இனி கடினமான வேலை. எழுதிய ஒவ்வொரு வரியையும் ஒரு துக்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஊழியத்துக்கு வந்த புதிதில், கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பையன் வீட்டில், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ரோமர் நிருபத்தை எடுத்துப் பேசிவிட்டேன். தகப்பன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போனார். நான் கிளம்பும்வரை பனைமூட்டில் உட்கார்ந்திருந்தார். வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நிருபத்தை எழுதிய பவுல் அடியும் சிறையும் பார்த்தவர்; அதைத் தன் பாடுகளுக்கு நடுவில் நின்று சொன்னார். நான் அடுத்தவர் பிள்ளையின் உடலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். இப்போது என் தாளில் இருப்பது: ‘அந்தப் பிள்ளை செத்தது தேவசித்தம் என்று நான் விசுவாசிக்கவில்லை. தம் சிநேகிதன் லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்ட இயேசு அந்தக் கிணற்றடியிலும் அழுதார் என்று விசுவாசிக்கிறேன்.’ அதற்கப்புறம் அப்படிப்பட்ட வீடுகளில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவேன். ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிற சங்கீதம் அது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே!

சந்தேகத்தையும் எழுதுங்கள். மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில் நோயுற்ற பிள்ளையோடு வந்த ஒரு தகப்பன் விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்கிறான்; இயேசு அவனைத் திட்டவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். நரகத்தைப் பற்றி என் தாளில் ஒரு வரியும் இல்லை. இயேசு ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்று பிரமாணத்தில் வரும் பழைய வரியே எனக்குப் போதும். அவர் கால் படாத இடம் இல்லை.

நீளம் ஒரு பக்கம். கல்யாணப் பத்திரிகையின் வெறும் பக்கமே தாராளம். கீழே தேதி போடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்குமுன் வருடாவருடம் எடுத்துப் பாருங்கள். அடிக்க வேண்டியதை ஒரே கோடாக அடியுங்கள், பழையது தெரியட்டும். சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், வீண் வம்பு. உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

போன முறை நான் வாசித்ததும் மனைவி, “ஆத்து வெள்ளமெல்லாம் இருக்கு, எம் பேரக் காணோமே” என்றாள். முதல் வரிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, எழுதிவிட்டேன்.