பெட்ரோல் மிகுந்து நின்றுபோன கார் எஞ்சினை இயக்குவது: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய மாருதி 800 காரை, அதன் பின்னால் இருந்த பைக்கை எடுப்பதற்காக நான்கடி முன்னே நகர்த்திவிட்டு உடனே அணைத்தேன். அரை மணி நேரம் கழித்து நாகர்கோவிலுக்குப் புறப்படச் சாவியைத் திருப்பியபோது செல்ஃப் (எஞ்சினைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகவே சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பதற்றத்தில் ஏழெட்டு முறை தொடர்ந்து அடித்ததில் பேட்டரியும் தளர்ந்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வாசனையை வைத்துக் காரணத்தைக் கண்டுகொண்டு, “இனி செல்ஃப் அடிக்கண்டாம் அண்ணே, பெட்ரோல் குடிச்சுக் கெடக்கு” என்றார். அன்று அவர் செய்து காட்டியதையும், அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்து, முதன்முறையாகக் கார் வைத்திருப்பவர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். குளிர்ந்திருக்கும் எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது என்பதால், தொடங்கும் நேரத்தில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் தரப்படுகிறது. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு) உள்ள பழைய கார்களில் இதைச் சோக் செய்கிறது. இன்ஜெக்‌ஷன் கார்களில், எஞ்சினின் வெப்பநிலையை சென்சார் மூலம் அறிந்து கணினிப் பெட்டி இதைச் செய்கிறது. எஞ்சின் சூடாவதற்கு முன்பே அணைத்துவிட்டால், எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளை நனைத்துவிடுகிறது. பிளக்கின் நுனியில் உள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம், பெட்ரோலும் கரியும் படிந்த பீங்கான் பரப்பின் வழியாகவே கசிந்து போய்விடுகிறது. பொறி இல்லாத நிலையில் நாம் மறுபடியும் செல்ஃப் அடிக்கும்போது, இன்னொரு பங்கு பெட்ரோல் உள்ளே சேர்கிறது. ஆகவே, முதல் முறை பிடிக்காததைவிட அடுத்தடுத்து அடிக்கும் செல்ஃப்களே நிலைமையைக் கெடுக்கின்றன.

சாவியைத் தொடும் முன்: பெட்ரோலா, மழைநீரா?

எங்கள் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டே ஆக வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் கன்னியாகுமரிக்கு உண்டு. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல தாழ்வான பகுதிகளில் வீடுகளையும் சாலைகளையும் வெள்ளம் சூழ்ந்ததை நாம் பார்த்தோம். கார் வெள்ளத்தில் நின்றிருந்தாலோ, தேங்கிய நீரைக் கடக்கும்போது அணைந்திருந்தாலோ, இந்தக் கட்டுரையின் மற்ற படிகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. தயவுசெய்து செல்ஃப் அடிக்காதீர்கள். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அந்த அழுத்தத்தில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஆயில், பால் கலந்த தேநீர் போன்ற நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று தென்பட்டாலும், ஏன், சந்தேகம் இருந்தாலே போதும், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துச் செல்வதே முறை. நீர் புகுந்த எஞ்சினை இயக்கிப் பார்த்ததால் வரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

நீர் தொடர்பான ஐயம் இல்லையென்றால், பெட்ரோல் மிகுதிதானா என்பதை உறுதிசெய்து கொள்ளலாம். சைலன்சர் குழாயின் அருகிலோ பானெட்டைத் திறந்ததுமோ பெட்ரோல் வாடை தெளிவாக வரும். செல்ஃப் வேகம் குறையாமல் சுற்றும். எஞ்சின் பிடிப்பது போல ஓரிரு முறை திணறிவிட்டு ஓய்ந்துவிடும். மாறாக, சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் கோளாறு பேட்டரிப் பக்கம் இருக்கிறது. டீசல் கார்களில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதால், அவற்றுக்கு இந்தச் செய்முறை வேண்டாம்.

முதல் படி: காத்திருத்தல்

சாவியை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, 15 நிமிடம் காத்திருங்கள். கார் ஷெட்டுக்குள் நின்றால் கதவை முழுவதும் திறந்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. பலருக்கு இந்தக் காத்திருப்பே போதுமானதாக அமைந்துவிடும்.

இரண்டாம் படி: ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தல்

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். விளக்கு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சோக் உள்ள காராக இருந்தால், சோக் குமிழை முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

இப்போது ஆக்சிலேட்டரைத் தரை வரை ஒரே சீராக மிதித்து, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் கார்புரேட்டர் காரில் ஒவ்வொரு மிதிக்கும் சிறிய பம்ப் ஒன்று கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும். மிதித்தபடியே பிடித்திருந்தால் காற்று வழி முழுவதுமாகத் திறந்து, உள்ளே தங்கிய பெட்ரோலைக் காற்று அடித்துக்கொண்டு போகும். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு: செல்ஃப் சுற்றும்போது ஆக்சிலேட்டர் முழுவதும் அழுந்தியிருப்பதைக் கண்டால், கணினிப் பெட்டி பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும்.

ஒரு முறைக்கு 5 முதல் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆறவிடுங்கள். எஞ்சின் முதலில் திணறும், பிறகு சட்டென்று பிடித்து உறுமும். அந்தக் கணத்திலேயே காலை எடுத்துவிட வேண்டும். ஆயில் இன்னும் மேலேறாத எஞ்சினை அதிவேகத்தில் ஓடவிடுவது நல்லதல்ல. சிறிது நேரம் கரும்புகை வந்தால் அஞ்ச வேண்டாம், அது மிஞ்சிய பெட்ரோல் எரிவதுதான். பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் முறை சற்று மாறுபடலாம் என்பதால், காருடன் வந்த கையேட்டை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்று அக்கம்பக்கத்தார் உதவிக்கு வருவார்கள். அவர்களுடைய அன்பு பெரிது என்றாலும், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் உறுப்பு) உள்ள காரில் அது வேண்டாம். எரியாத பெட்ரோல் அதற்குள் சென்று எரிந்தால், விலைமதிப்புள்ள அந்த உறுப்பு பழுதாகிவிடும்.

மூன்றாம் படி: பிளக்குகளைக் கழற்றி உலர்த்துதல்

நான்கைந்து முயற்சிக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் மரை எளிதில் சேதமாகும். பிளக் வயர்களில் 1, 2, 3 என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வயர் மாறினால் வண்டி ஓடாது. இழுக்கும்போது வயரைப் பிடிக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்து இழுங்கள். பிளக் குழியில் உள்ள தூசியை ஊதிவிட்டு, பிளக் ஸ்பேனரால் இடப்புறமாகத் திருப்பிக் கழற்றுங்கள்.

நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் நம் கணிப்பு சரி. சுத்தமான துணியால் துடைத்து, காற்றில் உலர வையுங்கள். மழைநாளென்றால் வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் வைக்கலாம். அடுப்பில் காட்டிச் சூடாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெருப்புக்கு அருகே பெட்ரோல் நனைந்த பொருளைக் கொண்டுபோவதே ஆபத்து, பீங்கானும் விரிசல் விடலாம். கரி படிந்திருந்தால் மென்மையாகத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் இரிடியம் பிளக்குகளில் கம்பித் தூரிகை படவே கூடாது.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே, ஃபியூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஐந்து விநாடி செல்ஃப் அடித்தால் சிலிண்டருக்குள் மிஞ்சிய பெட்ரோல் துளைகள் வழியே வெளியேறிவிடும். அப்போது யாரும் பானெட்டுக்கு மேல் குனிந்து நிற்கக் கூடாது. காயிலைக் கழற்றாமல் இதைச் செய்தால் ஒரு பொறியே தீ விபத்துக்குப் போதும் என்பதால், இந்தப் பகுதியில் தயக்கம் இருந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். பிளக்குகளைத் திரும்பப் பூட்டும்போது முதலில் கையாலேயே மரையேற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். ஃபியூஸையும் இணைப்புகளையும் மீண்டும் பொருத்திவிட்டு இரண்டாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு

குறைந்தது 10 நிமிடம் அணைக்காமல் ஓடவிடுங்கள், அல்லது ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். பிறகு அணைத்து, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் முன்பைவிட உயர்ந்து, பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றிவிடுவதே நல்லது.

ஒரு முறை நடந்தால் தற்செயல். அடிக்கடி நடந்தால், வெப்பநிலை சென்சார், கசியும் இன்ஜெக்டர், அடைபட்ட ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக்குகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் முதலில் பார்க்கலாம். உப்புக்காற்றில் அவை அரித்துப்போனால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், பொறியும் வலுவிழக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் கார்களைப் பற்றித்தான். ஆண்டில் பத்து மாதம் அவை வீட்டில் மூடிக் கிடக்கின்றன. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்; வீட்டில் இருப்பவர்களும் சொன்னபடியே இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். பிளக் நனைவதற்கு இதைவிட ஏற்ற வழி வேறில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் பேட்டரியும் சரியாக ஏறுவதில்லை. ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒரு முறை மார்த்தாண்டம் வரையோ தோவாளை வரையோ அரை மணி நேரம் ஓட்டிவரச் சொல்லுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுச் செல்லுங்கள். முற்றத்தில் நான்கடி நகர்த்த நேர்ந்தாலும், வெப்பநிலை முள் சற்று உயர்ந்த பிறகே, முள் இல்லாத கார்களில் எஞ்சின் குளிர்ந்திருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைந்த பிறகே, சாவியைத் திருப்பி அணையுங்கள்.