சென்னை வீட்டில் மூன்றடி பவளத் தொட்டி

கடல்நீர்த் தொட்டி வைக்கலாம் என்று தோன்றியதும் பலரும் முதலில் ஓடுவது வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு. ஓடுவதற்கு முன், தொட்டிக்குள் எது வரலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் பாதியைச் சட்டமே முடிவு செய்துவிட்டது. கல் கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. கடல்விசிறியும் அப்படித்தான். ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் கரை ஒதுங்கும் வெள்ளைக் கல்லும் செத்த பவளம்தான். அதை ‘லைவ் ராக்’ (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் பாறை) என்று யாராவது மலிவாக நீட்டினால் தொடாதீர்கள். மிச்சமிருப்பவை மென்பவளங்களும் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் மஷ்ரூம், சோவாந்திட் (பொத்தான் போன்ற சின்னப் பாலிப்கள்) வகைகளும். முதல் தொட்டிக்கு இவையே சரி. கல் பவளம் அளவுக்கு வெளிச்சமும் கால்சியமும் கேட்காது, சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். எதை வாங்கினாலும் இனப்பெயர் எழுதிய பில் கேளுங்கள்.

தொட்டி 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. கீழே 2 அடி சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் வடிந்து சுத்தமாகி மேலே திரும்பும் துணைத்தொட்டி. இதைவிடச் சின்னது செலவு குறைவு என்று தோன்றும், ஆனால் தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் வேகமாக மாறும். தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து எடை முந்நூறு கிலோவை நெருங்கும் என்பதால் ஸ்டாண்டை நான்கு மூலையிலும் மட்டம் பார்த்து வையுங்கள். இரும்பு ஸ்டாண்ட் என்றால் எபாக்சி பெயின்ட் அடித்ததாக இருக்கட்டும். உப்புக் காற்று வெல்டிங் மூட்டில்தான் முதலில் வேலையைக் காட்டும்.

சம்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது, இதைப் போடாதவர் வீட்டுத் தரை ஒருநாள் நனையும். கரண்ட் போனதும், சம்ப்பிலிருந்து மோட்டார் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் வழியே தொட்டித் தண்ணீர் திரும்பக் கீழே இறங்கும், குழாய் வாய் காற்றைத் தொடும் வரை. இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது கிட்டத்தட்ட 4 லிட்டர். குழாய் வாய் 3 செ.மீ. மூழ்கியிருந்தால் 12 லிட்டர் இறங்கும், 60×35 செ.மீ. சம்ப்பில் அது 6 செ.மீ. ஏற்றம். தொட்டியிலிருந்து சம்ப்புக்கு வடியும் ஓவர்ஃப்ளோ குழாயில் நிற்பதும் இதோடு சேரும். ஆக, சம்ப் ஓடும்போது விளிம்புக்குக் கீழே 10 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சைஃபனை (இப்படித் தானாகக் கீழே இழுக்கும் ஓட்டத்தை) முறிக்கச் சின்ன ஓட்டை போட்டாலும் அதை நம்பி இருக்காதீர்கள், பாசி அடைத்துவிடும். மீன் வருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். போர்வெல், மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர் எதுவும் நேரடியாக ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரை டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளையும் பிடித்துவிடும் மணிகள்) வழியே விட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வையே பயன்படுத்துவதாக இருந்தால் உள்ளே இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, டி.டி.எஸ். கன்ட்ரோலர் திருகு; சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடுவது அதுதான். மற்றொன்று, மினரல் அல்லது காப்பர் கார்ட்ரிட்ஜ். செம்பு குடிப்பவருக்கு நல்லதோ என்னவோ, நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். மெம்பரேனிலிருந்து வெளிவரும் குழாயிலேயே பிரித்து எடுத்து டி.ஐ.க்குக் கொடுங்கள்.

தொட்டியும் சம்ப்பும் பாறை போகச் சுமார் 180 லிட்டர் பிடிக்கும். ரீஃப் சால்ட் (பவளத் தொட்டிக்கென்று தயாரித்த கடலுப்புக் கலவை) லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், மொத்தம் ஆறரை, ஏழு கிலோ. சமையல் உப்பிலும் கல் உப்பிலும் கால்சியம், மெக்னீசியம் கணக்கு கிடையாது. தண்ணீரை முதலில் நிரப்பி, மோட்டார் ஓட, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. ஒருநாள் ஓடட்டும். உப்பளவை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், அதை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்து. ஒப்படர்த்தி 1.025–1.026 இருக்க வேண்டும்.

பாறை பத்துப் பன்னிரண்டு கிலோ, செராமிக் அல்லது ரீஃபுக்கென்று வார்த்த செயற்கைப் பாறை. மணலுக்கு முன்பே பாறையைக் கண்ணாடித் தரையில் அமர்த்துங்கள், இல்லாவிட்டால் மணலைத் தோண்டும் மீன் ஒருநாள் சரித்துவிடும். அரகோனைட் மணல் இரண்டு செ.மீ. போதும், மெரினா மணல் வேண்டாம். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காக நுரைக்காது, திருப்பித் திருப்பி அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். மணிக்கு 4000 லிட்டர் நீரைத் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று, எட்டு மணி நேர நீல-வெள்ளை எல்.இ.டி., அவ்வளவுதான்.

சூடு வேறு விஷயம். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 கோடைகளில் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. மே மாத அறைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி என்ன பாடுபடும்! இலக்கு 25–27 டிகிரி. மார்கழியில் மேலே ஒரு ஃபேன் வைத்தாலே சமாளித்துவிடலாம். மே மாதக் கடற்கரைப் புழுக்கத்தில் நீர் ஆவியாவதே குறைவு, ஃபேனால் இறங்கும் டிகிரியும் குறைவு. 1/10 எச்.பி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கத்தான் வேண்டும். அதைக் கேபினெட்டுக்குள் அடைத்தால் தன் சூட்டையே தான் இழுத்துக்கொண்டிருக்கும், வெளியே வையுங்கள். ஆவியான அளவுக்குத் தினமும் டி.ஐ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் அல்ல. போனது தண்ணீர், உப்பு அங்கேயே இருக்கிறது. இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் மாட்டினாலும் சில மணி நேர மின்வெட்டு பெரிதாகப் பாதிக்காது.

அடுத்து, மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா. மீனுக்கு முன்பே அதற்கு அம்மோனியா கொடுத்து வளர்க்க வேண்டும். இறால் துண்டைப் போட்டு அழுகவிடுவது பழைய வழி, நாற்றமும் அளவு தெரியாத அம்மோனியாவும்தான் மிச்சம். அதைவிட அம்மோனியம் குளோரைடு 1.1 கிராம் 180 லிட்டருக்குச் சுமார் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா தரும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் இதே உப்புதான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். பாட்டில் பாக்டீரியாவும் சேர்த்து, விளக்கை அணைத்து வையுங்கள். போட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். ஏறிய நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றி இறக்கிவிடுங்கள்.

விளக்குப் போட்டதும் பழுப்புப் பொடிபோல் டயாட்டம் என்ற நுண்பாசி படரும். பயந்துபோய் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்கு இறக்குகிறவர்களுக்கு அடுத்து வருவது டைனோஃப்ளாஜெல்லேட், குமிழி கோத்த பழுப்புச் சளி. அதை ஒழிக்க மாதங்கள் ஆகும். நைட்ரேட் 5–10, பாஸ்பேட் 0.03–0.1 பி.பி.எம். இருக்கட்டும். டயாட்டத்தைத் தின்ன ஐந்தாறு நத்தை விட்டுக் காத்திருங்கள்.

முதல் மீன் ஒரு ஜோடி க்ளவுன் மீன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டவை. வளர்ப்புக் குஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள், பெல்லட் தின்னப் பழகியிருக்கும். கடலில் அது ஒண்டி வாழும் அனிமோன் தொட்டியில் தேவையில்லை. எந்த மீனானாலும் நான்கு வாரம் தனித்தொட்டி. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து அங்கே மட்டும். தூரத்திலிருந்து வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். ஏறும், பைக்குள் சேர்ந்த அம்மோனியா நஞ்சாகும். கடைத் தண்ணீரின் உப்பளவைக் கேட்டுத் தனித்தொட்டியை முன்பே அதற்குச் சரிசெய்துவிட்டு, பையை மிதக்கவிட்டு மீனை நேராக மாற்றுங்கள். க்ளவுனுக்குப் பின் ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு சின்ன பிளென்னி, மாதத்துக்கு ஒன்றாக. ஃபயர்ஃபிஷ் குதிக்கும், வலை மூடி அவசியம். நீல டேங் மீன் கேட்டு வீட்டுக் குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். மூன்றடியில் அதற்கு இடமில்லை.

பவளத்தில் மஷ்ரூம் முதலில், கீழே, வேகம் குறைந்த இடத்தில். கிரீன் ஸ்டார் பாலிப் என்ற மென்பவளத்தைத் தனிக் கல்லில் ஒதுக்குங்கள், பின்சுவர் முழுக்கப் படரும். வாரம் ஒரு முறை ஒரு கேன் அளவு, 20 லிட்டர், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் மாற்றினால் ஆல்கலினிட்டி (நீரின் கார்பனேட் அளவு) 8–9 டி.கே.எச். தானாக நிற்கும். சோவாந்திட்டைக் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவோ தேய்க்கவோ கூடாது. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைக் கொதிக்கவைத்தால் ஆவியோடு மூச்சில் ஏறும், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, கொசு லிக்விட், பூச்சி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ஸ்கிம்மர் அந்தக் காற்றைத்தான் இழுத்து நீரில் கலக்கும், முதலில் சாவது இறால். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள்.